ஒரே மேசையில் இரண்டு 1948: அமெரிக்க வளாகங்களில் இஸ்ரேல்–பாலஸ்தீன உரையாடல் எங்கே நிற்கிறது, எங்கே உடைகிறது

2024 ஏப்ரல் 17 அன்று விடிவதற்கு முன்பே நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் புல்வெளியில் காசா போரை எதிர்த்த மாணவர்களின் கூடாரங்கள் முளைத்தன. மறுநாள் போலீஸ் உள்ளே வந்து நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்களைக் கைது செய்தது. அடுத்த சில வாரங்களில் இதே காட்சி அமெரிக்கா முழுவதும் பல வளாகங்களில் அரங்கேறியது. அந்த நாட்களில் பல்கலைக்கழகத் தலைவர்கள் மாணவர்களுக்கு அனுப்பிய கடிதங்களில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது: உரையாடல். கூடாரங்களில் இருந்தவர்கள் பலருக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வந்தது.

தூரத்திலிருந்து செய்தி படிக்கிறவருக்கு இது விளங்குவதில்லை. ஒரே வகுப்பில் உட்காருகிறவர்கள், ஒரே உணவகத்தில் சாப்பிடுகிறவர்கள், உட்கார்ந்து பேசினால் என்ன கெட்டுவிடும்? கேள்வி நியாயமானதுதான். பதிலுக்கு அடிப்படையிலிருந்து வர வேண்டியிருக்கிறது.

குழப்பத்தின் முதல் முடிச்சு: மூன்று வேறு வேலைகள்

ஆட்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதை எல்லாம் நாம் ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறோம். உண்மையில் இவை மூன்று தனித்தனி வேலைகள்.

1. விவாதம். ஜெயிப்பதற்காகப் பேசுவது. பேச்சு எதிரில் இருப்பவரை நோக்கி இருந்தாலும், குறி பார்வையாளர் மேல்தான்.

2. பேச்சுவார்த்தை. ஒன்றைப் பெறுவதற்காகப் பேசுவது. கூடாரம் அடித்த மாணவர்களின் முதன்மைக் கோரிக்கை, இஸ்ரேலோடும் ஆயுதத் தொழிலோடும் தொடர்புடைய நிறுவனங்களிலிருந்து பல்கலைக்கழகம் தன் முதலீட்டை விலக்கிக்கொள்ள வேண்டும் என்பது. பிரவுன் பல்கலைக்கழகத்தில் இது நடந்தது. 2024 ஏப்ரல் 30 அன்று நிர்வாகம், முதலீட்டு விலக்கலை ஆட்சிக்குழுவின் வாக்கெடுப்புக்கு விடுவதாக ஒப்புக்கொண்டது. மாணவர்கள் கூடாரங்களைப் பிரித்தார்கள். அக்டோபரில் ஆட்சிக்குழு அந்தக் கோரிக்கையை நிராகரித்தது.

3. உரையாடல். எதிரில் இருப்பவர் ஏன் அப்படி நினைக்கிறார் என்று அறிவதற்காகப் பேசுவது. தீர்மானம் கிடையாது, வாக்கெடுப்பு கிடையாது, கூட்டறிக்கை கிடையாது.

இரண்டாவதைக் கேட்டவர்களுக்குப் பல நிர்வாகங்கள் மூன்றாவதைக் கொடுத்தன. கூலி உயர்வு கேட்டு வந்தவனிடம் வீட்டில் எல்லோரும் சுகமா என்று விசாரிப்பதைப் போன்றது இது. விசாரிப்பது தப்பில்லை. ஆனால் அவன் எதற்காக வந்தானோ அது அப்படியே நிற்கிறது. எரிச்சலில் பாதிக்கு இதுவே காரணம்.

'இரு தரப்பு' என்பவர்கள் யார்?

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டனர். சுமார் 250 பேர் பிணைக்கைதிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அதன் பின் இஸ்ரேல் காசாவில் தொடுத்த போரில், கூடாரங்கள் எழுந்த 2024 ஏப்ரல் இறுதிக்குள் 34,000-க்கும் மேற்பட்டோர் இறந்துவிட்டதாகக் காசா சுகாதார அமைச்சகத்தின் கணக்கு சொன்னது. இதில் ஏதோ ஒரு பக்கத்தில் உறவினரைப் பறிகொடுத்த மாணவர் ஒரு வளாகத்தில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார். மற்றவர்கள் எல்லோரும் பிரதிநிதிகள், தாமாகவே ஏற்றுக்கொண்ட பிரதிநிதிகள். இஸ்ரேல் பக்கம் அமர்பவர் நியூ ஜெர்சியில் பிறந்து, யூத இளைஞர்களுக்கான இலவசப் பத்து நாள் சுற்றுலாவில் மட்டும் டெல் அவிவைப் பார்த்த அமெரிக்க யூதராக இருக்கலாம். பாலஸ்தீனப் பக்கம் அமர்பவரின் பெற்றோர் லாகூரிலிருந்து வந்தவர்களாக இருக்கலாம்.

மத அடையாளத்தை வைத்து யார் எந்தப் பக்கம் என்று முடிவுகட்டவும் முடியாது. 2023 நவம்பரில் கொலம்பியா நிர்வாகம் இடைநீக்கம் செய்த இரண்டு அமைப்புகளில் ஒன்று பாலஸ்தீன ஆதரவு மாணவர் அமைப்பு. மற்றொன்று யூதர்களின் போர் எதிர்ப்பு அமைப்பு. அடுத்த ஏப்ரலில் யூதர்களின் பாஸ்கா விருந்து கூடாரங்களுக்கு நடுவிலேயே நடந்தது. பாலஸ்தீனர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. 'யூதர்களும் முஸ்லிம்களும் சந்திக்கும் மாலை' என்று சுவரொட்டி ஒட்டும் அமைப்பாளர், முதல் வரியிலேயே தவறு செய்துவிடுகிறார். நிலம், குடியுரிமை, ராணுவம் பற்றிய சண்டையை அவர் மதநல்லிணக்க விழாவாக மாற்றிவிடுகிறார்.

சமம் என்ற அனுமானம்

பகைத் தரப்புகளை நேரில் சந்திக்கவைக்கும் இந்தத் துறையின் மூலக்கருத்து அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-இல் சொன்னது. பகைக் குழுக்களைச் சேர்ந்தவர்கள் நேரில் பழகினால் தப்பெண்ணம் குறையும் என்றார் அவர். பலரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் நான்கு நிபந்தனைகளும் போட்டிருந்தார்: இருவருக்கும் சம அந்தஸ்து, பொதுவான இலக்கு, ஒத்துழைத்துச் செய்யும் வேலை, அதிகாரத்தில் இருப்பவர்களின் ஆதரவு.

முதல் நிபந்தனையிலேயே சிக்கல். ஒருவரிடம் நாடு இருக்கிறது, ராணுவம் இருக்கிறது, கடவுச்சீட்டு இருக்கிறது. இன்னொருவருக்குப் பாட்டி வீட்டுக்குப் போகச் சோதனைச்சாவடியைத் தாண்ட வேண்டும். மேசை வட்டமாக இருப்பதால் இது சமமாகிவிடாது. அதே சமயம், அமெரிக்க வளாகத்தில் சிறுபான்மையாக வாழும் யூத மாணவர் தன்னைப் பலசாலியாக உணர்வதும் இல்லை; அவருடைய குடும்ப நினைவில் ஐரோப்பாவில் நடந்த யூதப் படுகொலை இருக்கிறது. இருவருமே தன்னை வலுவற்றவராக உணர்ந்தபடிதான் அறைக்குள் வருகிறார்கள். உரையாடலை வழிநடத்தும் நெறியாளர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதை.

இந்தச் சமமின்மை பேச்சை எப்படித் திரிக்கிறது என்பதற்கு இரண்டு ஆய்வுகள் வெளிச்சம் தருகின்றன.

1. தமார் சாகியும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்டது. ஆய்வுக்கூடத்தில் ஒரு குழுவிடம் வளங்களைப் பங்கிடும் அதிகாரத்தைக் கொடுத்து, இன்னொரு குழுவுடன் 'நமக்குள் பொதுவானவை' பற்றி மட்டும் பேச வைத்தார்கள். பேச்சு இனிமையாக நடந்தது. அதிகாரமற்ற குழு, எதிர்க்குழு தங்களை நியாயமாக நடத்தும் என்று நம்பத் தொடங்கியது. பங்கீடு வந்தபோது அதிகாரக் குழு அந்த நம்பிக்கையைக் காப்பாற்றவில்லை. அவர்களே இஸ்ரேலில் வாழும் அரபு மக்களிடம் ஆராய்ந்தபோதும் ஒரு தொடர்பு தெரிந்தது. யூதர்களோடு நல்ல பழக்கம் உள்ளவர்கள் அவர்களை நியாயவான்களாகக் கண்டார்கள். அப்படிக் கண்டவர்களிடம் சமூக மாற்றத்துக்கான ஆதரவு குறைந்திருந்தது.

2. எமில் புரூனோவும் ரெபெக்கா சாக்ஸும் 2012-இல் வெளியிட்டது. கணினித் திரை வழியே ஒருவர் தன் சமூகத்தின் கஷ்டத்தைச் சொல்ல, மற்றவர் அதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். இஸ்ரேலியர்களின் மனப்பான்மை மேம்பட்டது பாலஸ்தீனரின் கதையைக் கேட்டபோது. பாலஸ்தீனர்களின் மனப்பான்மை மேம்பட்டது தங்கள் கதையைச் சொல்லி, அது காதில் விழுந்தது என்று தெரிந்தபோது.

இரண்டாவது முடிவை ஒரு நொடி யோசித்துப் பாருங்கள். 'ஆளுக்கு ஐந்து நிமிடம், பிறகு எதிராளியின் இடத்தில் நின்று யோசியுங்கள்' என்ற வழக்கமான பயிற்சி இருவருக்கும் ஒரே மருந்தைத் தருகிறது. நோய் ஒன்றாக இல்லை. வாழ்நாள் முழுக்க அடுத்தவரின் பார்வையை அறிந்தே பிழைத்தவரிடம் 'அவர் பார்வையில் பாருங்கள்' என்று இன்னொரு முறை சொல்வதில் பயன் குறைவு.

நான்கு பாணிகள்

இஸ்ரேலுக்குள் யூதர்களுக்கும் அரபு மக்களுக்கும் இடையே பல பத்தாண்டுகளாக நடந்துவரும் சந்திப்புகளை ஆராய்ந்த இஃபாத் மாஓஸ், அவற்றை நான்கு வகையாகப் பிரித்தார். ஒன்றாகச் சமைத்து, பாடி, நட்பு வளர்க்கும் சகவாழ்வுப் பாணி. ஒரு திட்டத்தைச் சேர்ந்து செய்து முடிக்கும் கூட்டுப்பணிப் பாணி. அதிகாரச் சமமின்மையை நேருக்கு நேர் பேசும் மோதல் பாணி. குடும்பக் கதைகளைப் பகிரும் கதைப் பாணி. முதல் இரண்டும் மேலே சொன்ன இனிமைப் பொறியில் எளிதில் விழுகின்றன, ஆகவே அவற்றைக் கடந்துபோகலாம்.

மோதல் பாணிக்குப் பெயர்பெற்ற இடம், ஜெருசலேமுக்கும் டெல் அவிவுக்கும் இடையே யூதர்களும் பாலஸ்தீனர்களும் சேர்ந்து வாழும் நெவே ஷாலோம் – வாஹத் அல்-சலாம் என்ற இருபெயர்க் கிராமம். இரண்டு பெயருக்கும் பொருள் சமாதானச் சோலை. அங்கே 1979-இல் தொடங்கிய சமாதானப் பள்ளியின் முறையில் மூன்று விதிகள் கவனிக்கத்தக்கவை.

1. நெறியாளர் எப்போதும் இருவர்: ஒரு யூதர், ஒரு பாலஸ்தீனர். ஒருவரே இரு தரப்புக்கும் பொதுவானவர் என்ற பாவனைக்கு இடமில்லை.

2. சந்திப்புகளுக்கு நடுவே ஒவ்வொரு தரப்பும் தனியாகக் கூடுகிறது. எதிராளிமுன் ஒற்றுமையாகத் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. தன் பக்கத்தின் மேலுள்ள கோபமும் வெட்கமும் அங்கேதான் வாய்திறக்கின்றன.

3. பேசுபவரைத் தனிமனிதராக மட்டும் பார்ப்பதில்லை. 'நான் யாரையும் வெறுப்பதில்லை' என்று தனிமனித நல்லெண்ணத்துக்குள் ஒதுங்க வழியில்லை. அவர் ஒரு தேசத்தின் உறுப்பினராகவும் பதில் சொல்ல வேண்டும்.

அந்தச் சந்திப்புகளில் மொழி நடந்துகொள்ளும் விதம் தனிக்கதை. ஹீப்ருவும் அரபியும் சம உரிமை பெற்ற மொழிகள் என்று முதல் நாளே அறிவிப்பார்கள். பேச்சு தானாகவே ஹீப்ருவுக்குச் சரிந்துவிடும். அரபு மாணவர்களுக்கு ஹீப்ரு தெரியும். யூத மாணவர்களில் பெரும்பாலோருக்கு அரபி தெரியாது. யாரோ ஒருவர் பிடிவாதமாக அரபியில் பேசத் தொடங்கும்போது மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்கும் அந்தச் சங்கடம், அதிகாரம் பற்றிய ஒரு மணி நேரச் சொற்பொழிவு சொல்லாததைச் சொல்லிவிடும். அமெரிக்க வளாகத்தில் எல்லோரும் ஆங்கிலம் பேசுவதால் இந்த வாய்ப்பு இல்லை. அங்கே சமமின்மை கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது.

அறைக்குள்: ஒரு சொல், இரண்டு ஆண்டுகள்

உரையாடல் பெரும்பாலும் உடைவது கொள்கையில் அல்ல, சொல்லில். 'இன்திஃபாதா' என்பதை எடுத்துக்கொள்வோம். 1987-இலும் 2000-இலும் தொடங்கிய இரண்டு பாலஸ்தீன எழுச்சிகளின் பெயர் அது. அரபியில் அதன் வேர்ப்பொருள் உதறுதல். தூசியை உதறுவதுபோல, சுமையை உதறுவதுபோல. பேரணியில் இந்தச் சொல்லை முழங்கும் மாணவியின் மனதில் 1987 இருக்கலாம்: கடையடைப்பு, வரிமறுப்பு, டாங்கியின் முன் கல்லோடு நிற்கும் சிறுவன். கேட்கும் இஸ்ரேலிய மாணவரின் மனதில் 2002 இருக்கலாம்: பஸ்களில் வெடித்த குண்டுகள், நெத்தன்யா நகர ஹோட்டலில் பாஸ்கா விருந்துக்கு அமர்ந்திருந்தவர்களில் 30 பேரைக் கொன்ற தற்கொலைத் தாக்குதல். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒரே சொல்லில் ஆளுக்கொரு ஆண்டைக் கேட்கிறார்கள்.

கைதேராத நெறியாளர் இந்த இடத்தில் 'அந்தச் சொல்லைத் தவிர்த்துவிடலாமே' என்பார். முழங்கியவர் அந்த நொடியே மனதளவில் அறையைவிட்டுப் போய்விடுவார். தேர்ந்தவர் அகராதியைத் திறக்க மாட்டார். 'இதைக் கேட்டதும் உங்கள் கண்முன் வருவது எந்த ஆண்டு? யாருடைய முகம்?' என்று இருவரிடமும் கேட்பார். சியோனிசம் (யூதர்களுக்குத் தனிநாடு என்ற இயக்கம்), 'நதியிலிருந்து கடல் வரை' (ஜோர்டான் நதிக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடைப்பட்ட நிலம் முழுவதையும் சுட்டும் முழக்கம்), இனப்படுகொலை எல்லாவற்றுக்கும் இதே வழி பொருந்தும். 'யூத வெறுப்பு' என்ற சொல்லோ இன்னும் சிக்கலானது. 2016-இல் பன்னாட்டு ஹோலோகாஸ்ட் நினைவுக் கூட்டமைப்பு ஏற்ற வரையறையும், அதற்கு மாற்றாகக் கல்வியாளர்கள் 2021-இல் முன்வைத்த ஜெருசலேம் பிரகடனமும் இஸ்ரேல் மீதான விமர்சனம் எங்கே வெறுப்பாகிறது என்பதில் வேறுபடுகின்றன. நிர்வாகம் எந்த வரையறையைக் கையில் எடுக்கிறதோ, அதைப் பொறுத்து அறைக்குள் பேசிய ஒரு வாக்கியம் கருத்தாகவும் ஆகலாம், ஒழுங்கு நடவடிக்கைக்கான காரணமாகவும் ஆகலாம்.

கதைப் பாணியின் மிக அழகான கருவி ஒரு பாடநூல். இஸ்ரேலிய உளவியலாளர் டான் பார்-ஓனும் பெத்லகேம் பல்கலைக்கழகத்தின் சமி அத்வானும், இரண்டாம் இன்திஃபாதாவின் நடுவிலேயே இரு தரப்பு ஆசிரியர்களையும் கூட்டி எழுதவைத்தது. பக்கத்தின் ஒரு பத்தியில் இஸ்ரேலியர் சொல்லும் வரலாறு, மறு பத்தியில் பாலஸ்தீனர் சொல்லும் வரலாறு. 1948-க்கு வந்தால் ஒன்று விடுதலைப் போர்; எதிரே, சுமார் 7 லட்சம் பேர் வீடிழந்த நக்பா, அதாவது பேரழிவு. நடுவே மாணவர் எழுதிக்கொள்ள வெற்றுக் கோடுகள். இரண்டையும் கலந்து பொதுவரலாறு ஒன்று செய்ய அந்த ஆசிரியர்கள் முயலவே இல்லை. முயன்றிருந்தால் நூல் வெளிவந்திருக்காது என்பது என் கணிப்பு. அப்படியும் அதற்கு வரவேற்பு இல்லை. 2010-இல், காசா எல்லையை ஒட்டிய ஷாஆர் ஹநேகேவ் பகுதியின் உயர்நிலைப் பள்ளி ஒன்று அதைப் பயன்படுத்தியபோது இஸ்ரேலியக் கல்வி அமைச்சகம் தடுத்தது.

டார்ட்மவுத்: ஒரே வளாகத்தின் இரு முகங்கள்

அக்டோபர் 7-க்குப் பிறகு 'இப்படித்தான் நடக்க வேண்டும்' என்று பலரும் சுட்டிய இடம் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் டார்ட்மவுத் கல்லூரி. தாக்குதல் நடந்த சில நாட்களிலேயே யூதவியல் துறையும் மத்திய கிழக்கு ஆய்வுத் துறையும் சேர்ந்து திறந்த அரங்கு நடத்தின. யூதவியலின் சுசானா ஹெஷல், மத்திய கிழக்கு ஆய்வின் தாரிக் அல்-அரிஸ், பெர்னார்ட் அவிஷாய், எகிப்தின் முன்னாள் தூதரக அதிகாரி எஸ்ஸெதீன் ஃபிஷேர் ஆகியோர் அதில் முன்நின்றார்கள். மற்ற வளாகங்களில் துறைகள் அறிக்கைப் போர் நடத்திக்கொண்டிருந்த நேரம் அது.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? அவிஷாயும் ஃபிஷேரும் இஸ்ரேல்–பாலஸ்தீன அரசியலை ஏற்கெனவே சேர்ந்து கற்பித்துவந்தார்கள். மாணவர்முன் ஒருவரையொருவர் மறுத்துப் பேசி, பிறகு ஒன்றாகக் காபி குடிக்கப் பழகியவர்கள். நெருக்கடி வந்த நாளில் அவர்கள் எதையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கவில்லை. தீப்பிடித்த பிறகு கிணறு தோண்டுகிற கதைதான் மற்ற பல இடங்களில் நடந்தது.

பாராட்டை அத்தோடு நிறுத்திக்கொள்ள முடியாது. அந்த நால்வரில் பாலஸ்தீனர் யாரும் இல்லை. அதைவிட, 2024 மே 1 அன்று அதே கல்லூரியின் புல்வெளியில் கூடாரங்கள் எழுந்த சில மணி நேரத்துக்குள் போலீஸ் வந்து ஏறத்தாழ 90 பேரைக் கைது செய்தது. தரையில் தள்ளப்பட்டுக் கைதானவர்களில் ஒருவர் 65 வயது வரலாற்றுப் பேராசிரியர் ஆனலீஸ் ஓர்லெக். முன்பு யூதவியல் துறைக்கே தலைமை வகித்தவர். உரையாடலுக்குப் பெயர்பெற்ற வளாகம், உரையாடலுக்கு வெளியே நின்றவர்களிடம் இப்படி நடந்துகொண்டது. ஆல்போர்ட்டின் நான்காவது நிபந்தனையான அதிகாரத்தின் ஆதரவு, ஒரு வகைப் பேச்சுக்கு மட்டும் கிடைத்தது. அதன் பிறகு நிர்வாகம் அனுப்பும் உரையாடல் அழைப்பை மாணவர் எந்தக் கண்ணோடு படிப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வர மறுப்பவர்களின் நியாயம்

இரு பக்கமும் கதவடைப்பு உண்டு, விதிகளாகவே எழுதப்பட்டு. 2004-இல் தொடங்கிய பாலஸ்தீனக் கல்விப் புறக்கணிப்பு இயக்கம், ஆக்கிரமிப்பை எதிர்க்காமல் இருவரையும் சமமாகக் காட்டும் கூட்டு நிகழ்ச்சிகளை 'இயல்பாக்கம்' என்று அழைத்து விலக்குகிறது: அசாதாரணமான ஒன்றைச் சாதாரணமாகத் தோற்றமளிக்க வைப்பது என்று பொருள். சேர்ந்து வாழ்வதுபோல் காட்டாதே, சேர்ந்து எதிர்க்க வா என்பது அவர்கள் நிலை. மறுபக்கம், யூத மாணவர் அமைப்பான ஹில்லெல் 2010-இல் வகுத்த விதிகள், யூத ஜனநாயக நாடாக இஸ்ரேல் நிலைத்திருக்கும் உரிமையை மறுப்பவர்களையும் புறக்கணிப்பை ஆதரிப்பவர்களையும் தன் மேடையில் ஏற்றத் தடைவிதிக்கின்றன. ஆக, ஒவ்வொரு பக்கத்திலும் மையத்தில் இருப்பவர் எதிர்ப்பக்கத்தின் மையத்தைச் சந்திக்கவே முடியாது. அறைக்கு வருபவர்கள் இரு பக்கத்தின் ஓரங்களைச் சேர்ந்தவர்கள். உரையாடல் நடத்துகிறவர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்கள்.

இவற்றையும் தாண்டி வருபவருக்குக் காத்திருக்கும் ஆபத்து இப்போது மாறிவிட்டது. ஹார்வர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் ஹெர்பர்ட் கெல்மன் 1970-கள் முதல் இஸ்ரேலிய, பாலஸ்தீனச் செல்வாக்குள்ளோரைக் கூட்டி நடத்திய பட்டறைகளின் உயிர்நாடி ரகசியம். அவற்றில் கலந்துகொண்ட சிலர் பின்னாளில் இஸ்ரேலும் பாலஸ்தீனத் தலைமையும் செய்துகொண்ட 1993 ஒஸ்லோ ஒப்பந்தத்துக்கு இட்டுச்சென்ற முயற்சிகளில் இருந்தார்கள். இன்று எல்லார் பையிலும் ஒரு கேமரா இருக்கிறது. பேசியதை வெளியே சொல்லலாம், பேசியவர் பெயரைச் சொல்லக்கூடாது என்ற விதி, இருபது விநாடிக் காணொளிமுன் நிற்பதில்லை.

மொசென் மஹ்தாவி இதற்கு உதாரணம். மேற்குக் கரையின் அகதி முகாமில் வளர்ந்து கொலம்பியாவில் படித்தவர். நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றவர். போராட்டங்களை முன்நின்று நடத்தியவர், பிறகு அதிலிருந்து விலகி இஸ்ரேலிய, யூத மாணவர்களோடு உட்கார்ந்து பேசுவதில் இறங்கியவர். 2025 ஏப்ரல் 14 அன்று வெர்மான்ட் மாநிலத்தில், அமெரிக்கக் குடியுரிமைக்கான நேர்காணலுக்குப் போன இடத்தில் அவரைக் கைது செய்தார்கள். யூத நண்பர்கள் ஆதரவுக் கடிதம் எழுதினார்கள். ஏப்ரல் 30 அன்று நீதிபதி ஒருவர் அவரை விடுவித்தார். மே மாதம் பட்டமளிப்பு மேடையில் ஏறினார்.

ஆகவே மாணவர் விசாவில் இருக்கும் ஒருவருக்கு அழைப்பு வரும்போது, எதிரே யார் உட்காருவார் என்பது அவருடைய முதல் கேள்வியாக இருப்பதில்லை. யார் பதிவு செய்கிறார்கள், வருகைப் பட்டியல் யாரிடம் போகிறது, அதை யார் கேட்டால் பல்கலைக்கழகம் கொடுக்கும் என்பவை முதலில் வருகின்றன. இவற்றுக்கு எழுத்தில் பதில் தர முடியாத நெறியாளர் நாற்காலிகளை வட்டமாகப் போடுவதற்குமுன் நிர்வாகத்தின் சட்டப்பிரிவுக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.